மராத்தின் மரம்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு மரத்தை வளர்த்துவிடுவது என்று பெர்தெபாய் முடிவு கட்டினார். மரம் வாசலிலேயே நின்றது. ஒளிக்க வேண்டியது அதற்கு ஊற்றும் தண்ணீரை மட்டும்தான்.

கடல் வற்றிப்போன அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. நல்ல தண்ணீர் லாரியில் வரும். அது தேநீருக்கும் ரொட்டி மாவுக்கும் மட்டும் என்பது மனைவி குல்சீராவின் சட்டம். அவள் சட்டத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

மல்பெரிக் கன்றை நட்டவன் அவர்களுடைய ஒரே மகன் மராத். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புமுன் நட்டான். கறுப்புப் பழம் காய்க்கிற சாதி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். குளிர்காலத்தில் சாரத்திலிருந்து விழுந்து, பெட்டியில் திரும்பி வந்தான். அதன்பின் குல்சீரா அவன் பேரைச் சொல்வதை நிறுத்தினாள். பெர்தெபாய் சாப்பிடுவதை நிறுத்தினார்.

வசந்தத்தில் கன்று துளிர்த்தது. அன்றுதான் அவர் படுக்கையைவிட்டு எழுந்தார். முழங்கால் வலிக்கு நல்ல தண்ணீரில் காலை ஊறவைக்கச் சொல்லி வைத்தியர் சொன்னதாக ஒரு பொய்யைத் தயார் செய்தார். உப்புத் தண்ணீர் ஆகாதா என்று குல்சீரா கேட்டாள். உப்பு முழங்காலை அரித்துவிடுமாம் என்றார். அவள் மறுபேச்சில்லாமல் வாளியைக் கொடுத்தாள். ஆனால் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாள். அது ஆறும்வரை அவர் கன்றுக்குப் பக்கத்தில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. சும்மா இருப்பானேன் என்று மகனிடம் பேசுவதுபோல அதனிடம் ஊர்க்கதை பேசினார். மண்ணில் உப்புப் பூக்காமலிருக்க வேரடியில் எருவும் நாணல் சருகும் பரப்பினார். காற்றை மறிக்கத் தட்டி கட்டினார்.

அடுத்த வருஷம் பித்தப்பைக் கல்லுக்காக நுகுஸ் நகர ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தபோதும் கன்றின் நினைப்புதான். திரும்பி வந்து பார்த்தால், முன்னைவிடத் தெம்பாக நின்றது. என் கைராசி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

சில வருஷங்களில் மரம் காய்த்தது. கறுக்கட்டும் என்று காத்திருந்தார். பழங்கள் வெள்ளையாகவே பழுத்து, வெள்ளையாகவே உதிர்ந்தன. ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"இது ஏன் கறுக்கல?"

குல்சீரா மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "வெள்ளைச் சாதி கறுக்காதுங்க."

"வச்சது கறுப்பாச்சே."

"மராத் வச்சது, நீங்க நுகுஸ்ல கெடந்தப்பவே பட்டுப்போச்சு. பதிலுக்கு நான் வச்சத நீங்க வர்றதுக்குள்ள ஆடு தின்னுடுச்சு. இது மூணாவது. கறுப்புன்னு சொல்லித்தான் குடுத்தான் சந்தைக்காரன்."

மகன் பேரை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அவர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

"சொன்னா மறுபடி படுத்துடுவீங்க. நான் யாருக்கு ரொட்டி சுடறது?"

"அப்ப தண்ணி விஷயமும் தெரியுமா?"

"ஆறின தண்ணியக் குடுத்தா ஊத்திட்டு உடனே வந்துடுவீங்க. சூடா குடுத்தாத்தான் உட்கார்ந்து அவன்கூடப் பேசுவீங்க. நானும் சன்னல்ல நின்னு கேட்டுக்கலாம்."

அவர் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு வெள்ளை புடிக்காது குல்சீரா," என்றார்.

அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவனா திங்கப் போறான்? நீங்க தின்னுங்க."