கழுத்துக் கோணல்

டிவி பெட்டிக்குள் கங்கப்பன் மறுபடியும் குனிந்தார். பெட்டிக்கு வெளியே, நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்த கங்கப்பன் பல்லைக் கடித்தார்.

"நிறுத்துடா அதை!"

இளைய மகன் முனிராஜ் வீடியோ டெக்கின் பட்டனை அமுக்கினான். படம் நின்று, குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கியது. திரையில் இருந்தது மூத்த மகனுடைய கல்யாணம். கிருஷ்ணகிரி மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் நேரம். பெண்ணின் அப்பா பொன்னுசாமி மாலையோடு நிற்கிறார். ஆள் குள்ளம். எதிரே கங்கப்பன். மார்பு வரை நேராக இருக்கிறார். அதற்கு மேல் எல்லாமே ஒரு பக்கமாக வளைந்து, தலை அப்படியே பொன்னுசாமியின் மாலைக்குள் போகிறது. திரையின் கீழ்ப்பாதி வெறும் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக இரைந்துகொண்டிருந்தது.

"நான் குனியல," என்றார் கங்கப்பன்.

"குனிஞ்சீங்கன்னு இப்ப யாரு சொன்னது?" சமையலறையிலிருந்து மனைவி முனிலட்சுமி.

"பொன்னுசாமி சொல்றானே! நம்ம கேசட்டை வாங்கிக் காப்பி எடுத்துக்கிட்டான். கோடும் கோணலும் சேந்து காப்பி ஆயிடுச்சு. வீட்டுக்கு வரவனுக்கெல்லாம் காப்பித்தண்ணியோட என் கழுத்தையும் காட்டுறான்."

கங்கப்பனுக்குக் குனிவது என்பது ஆகாது. ஓசூர் சிப்காட்டில் ஒரு பேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கோணலான ஒரு உருப்படியைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. தன் முதுகையும் அதே கணக்கில் வைத்திருந்தார். குலதெய்வக் கோயில் வாசல் தாழ்ந்தது என்பதால் வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். சாமியும் இத்தனை வருஷத்தில் வெளியே வந்து கேட்டதில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், முனிராஜுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. இதற்கு முன் பார்த்த இடமெல்லாம் பெண் வீட்டார் ஒரு முறை வந்து கங்கப்பனோடு பேசிவிட்டுப் போன கையோடு தட்டிப்போயின. ஜாதகம் சரியில்லை என்று கங்கப்பன் நம்பினார். குந்தாரப்பள்ளி திம்மப்பன் மட்டும்தான் தானாகவே தரகரைப் பிடித்து ஆள் அனுப்பியவர். முனிராஜ் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சோற்றில் உப்பில்லை என்றுகூடச் சொல்வதில்லை.

தரகர் கோவிந்தப்பன் காலையில்தான் வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஞாயித்துக்கிழமை வராங்க. உங்க பெரிய புள்ளை கல்யாணப் படத்தைப் போட்டுக் காட்டணுமாம். முழுசா வேணாம், அந்த மாலை போடுற இடத்தைக் கட்டாயம் பாக்கணும்னு பொண்ணோட அத்தை சொல்லுச்சுங்க."

கங்கப்பனின் காது சிவந்தது. "என்னைக் குனிய வச்சுப் பாத்துட்டுத்தான் பொண்ணு குடுப்பாங்களாமா?"

அந்தக் கேள்வியோடு கேசட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெபராஜ் வைத்திருந்த வீடியோ கடைக்குப் போனார். 'பழைய கேசட்டுகள் கம்ப்யூட்டர் மூலம் சிடியாக மாற்றித் தரப்படும்' என்று வாசலில் போர்டு. தொண்ணூற்றொன்பதில் அது ஊருக்கே அதிசயம்.

ஜெபராஜ் கேசட்டைப் போட்டுப் பார்த்தார். கங்கப்பன் குனிந்தார்.

"நல்லா மரியாதையாத்தானே குனிஞ்சிருக்கீங்க ஐயா?"

"நான் குனியல! டேப்புல ஏதோ கோளாறு."

ஜெபராஜ் திரும்பவும் ஓட்டிப் பார்த்தார். "ஆமாங்க. டேப்பு இழுத்துப்போயிருக்குது. டிவி படத்தை மேலேர்ந்து கீழ கோடு கோடாத்தான் வரையும். ஒவ்வொரு தடவை மேலேர்ந்து ஆரம்பிக்கறப்பவும் டேப்பு கொஞ்சம் தடுமாறுது, மேல்கோடெல்லாம் பக்கமா சரியுது. கீழ வரதுக்குள்ள நிதானத்துக்கு வந்துடுது. அதான் உடம்பு நேரா, தலை கோணல்."

கங்கப்பனுக்குக் கோபம் போய் ஆர்வம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "குடிகாரன் மாதிரின்னு சொல்லு."

"அவனுக்கு நேர்மாறுங்க. அவனுக்குக் காலு கோணும்."

"அப்படின்னா என் தலை மட்டும் ஏன் சாயணும்? அந்த உயரத்துல இருக்கற எல்லாம் சாயணுமே?" கங்கப்பன் எழுந்து திரையருகே போனார். வாசல் தூண் சாய்ந்திருந்தது. கட்டிய வாழைமரம் சாய்ந்திருந்தது. நாகஸ்வரக்காரர் தலைப்பாகை, மேலே தொங்கிய மின்விசிறி, எல்லாம் ஒரே பக்கம். "பாத்தியா! தூணுமா பொன்னுசாமிக்குக் குனிஞ்சுது?"

"தூணு கட்டும்போதே சாஞ்சிருந்துதுன்னு பொன்னுசாமி சொன்னா?" என்று ஜெபராஜ் விளையாட்டாகக் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை கங்கப்பன் தூக்குக்குண்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினார். மண்டபத்துத் தூண் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

காவல்காரர் துடைப்பத்தோடு வந்து நின்றார். "மண்டபத்தை வெலைக்குக் கேக்குறீங்களா?"

"இல்லப்பா. இந்தத் தூணு என் சாட்சி."

காவல்காரர் தூணை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை நாள் கூடவே இருந்த தூண் கோர்ட்டுக்குப் போகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, துடைப்பத்தால் அதை ஒரு தட்டுத் தட்டினார்.

தூண் நேர். ஒரு நூல் பிசகில்லை. தூண் நேர் என்றால் கங்கப்பனும் நேர். அவர் நிமிர்ந்தபடியே ஓசூர் திரும்பினார். இனி வேண்டியதெல்லாம் அந்த நேரைத் திரையில் கொண்டுவருவதுதான்.

ஜெபராஜ் முதலில் டெக்கின் உள்ளே ஸ்பிரிட் விட்டுத் துடைத்தார். கீழ்ப்பாதி வெள்ளைக்கோடு அப்படியே இருக்க, மேல்பாதிப் படம் பளிச்சென்று ஆனது. கங்கப்பனின் மூக்கோரத்து மச்சம்கூடத் தெரிந்தது. குனிவும் அதே அளவு பளிச்சென்று தெரிந்தது.

கூட வந்திருந்த முனிலட்சுமி பெருமூச்சு விட்டாள். "மின்னாடி மங்கலா இருந்துச்சு. அது வேற யாரோன்னாவது சொல்லித் தப்பிச்சிருக்கலாம்."

"டேப்பை ஒரு தடவை முழுசா சுத்தி, திருப்பிச் சுத்துனா இறுக்கம் விடும்," என்றார் ஜெபராஜ்.

சுற்றினார்கள். இறுக்கம் விட்டது. கங்கப்பன் தலை மெல்ல நிமிர்ந்தது, நேரானது, நேரில் நிற்காமல் அந்தப் பக்கமும் போய்விட்டது. இப்போது அவர் பொன்னுசாமியை விட்டுவிட்டு, இடப்பக்கம் நின்றிருந்த ஒரு மீசைக்காரருக்கு வணங்கிக்கொண்டிருந்தார்.

கங்கப்பன் துள்ளி எழுந்தார். "வெங்கடப்பன்!"

வெங்கடப்பன் பங்காளி. வரப்புத் தகராறில் இருவரும் பேச்சு நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிறது.

"பொன்னுசாமியாவது சம்பந்தி," என்றாள் முனிலட்சுமி. "பழையபடியே திருப்பிடச் சொல்லுங்க."

"முடியாதுங்க அம்மா. இனிமே அது அந்தப் பக்கந்தான் போவும். கம்ப்யூட்டர்ல ஏத்திப் பாக்கலாம்."

கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ள மறுத்தது. கங்கப்பனின் மார்பு வரை பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் உள்ளதைக் கட்டம் கட்டமாக உடைத்துத் தள்ளியது. தலையில்லாத கழுத்தை நோக்கி மாலை ஒன்று வந்துகொண்டிருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணுது?"

"டிவி அனுசரிச்சுப்போவுமுங்க. கோடு கொஞ்சம் பிசகினாலும் பரவால்லன்னு காட்டிடும். கம்ப்யூட்டர் அப்படியில்ல. அளவு தப்புனா ரிஜெக்ட்தான்."

கங்கப்பன் அந்தப் பெட்டியை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். இன்ஸ்பெக்ஷனில் தன்னோடு வேலை பார்த்திருக்க வேண்டியது என்று நினைத்திருப்பார். "இப்படியே இருக்கட்டும் ஜெபராஜு. குனிஞ்ச தலைக்கு, தலையே இல்லாதது கௌரவம்."

"நல்லாருக்குது!" முனிலட்சுமி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "மகன் கல்யாணத்துல மாமனாரு தலையில்லாம நிக்கிறதை, பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு டீயோட காட்டணுமா? புள்ளை மூஞ்சைப் பாத்தீங்களா? இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா அவன் என்னைத்தான் பாப்பான்."

அது கங்கப்பனுக்கும் உறைத்தது. குனியவும் கூடாது, சம்பந்தம் முறியவும் கூடாது. தாடையைத் தேய்த்தார். "வேற வழியே இல்லையாப்பா?"

ஜெபராஜ் கன்னடத்தில் பெங்களூருக்குப் போன் போட்டு நெடுநேரம் கெஞ்சினார். சனிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து ஒரு புது டெக்கும், கூடவே ஒரு தட்டைப் பெட்டியும் வாடகைக்கு வந்தன. சரிந்து வரும் கோடுகளையெல்லாம் பிடித்து நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல வரிசைப்படுத்தி அனுப்புகிற பெட்டி என்றார் ஜெபராஜ்.

பெட்டி வேலை செய்தது. தூண் நிமிர்ந்தது. வாழைமரம் நிமிர்ந்தது. மின்விசிறி தன் இடத்துக்குப் போனது. நடுவில் கங்கப்பன், மண்டபத்துக்கு இன்னொரு தூண்போல நின்றார். கங்கப்பன் மஞ்சப்பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் தொங்கவிட்டார். நூலும் கழுத்தும் ஒன்றாக இறங்கின.

"பாஸ்!" என்றார், பேக்டரியில் சொல்வதுபோல.

ஜெபராஜ் தலையைச் சொறிந்தார். "புது டெக்குல கீழ இருந்த வெள்ளைக்கோடும் போயிடுச்சு ஐயா. கீழயும் ஒருக்கா நல்லாப் பாத்துக்குங்க... அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

"கீழ என்னப்பா இருக்கு? தலைதாம்ப்பா முக்கியம். சிடியைப் போடு."

ஞாயிற்றுக்கிழமை காலை குந்தாரப்பள்ளியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திறங்கினார்கள். திம்மப்பன் அடக்கமான மனிதர். பேச்செல்லாம் அவருடைய அக்கா கெம்பம்மாதான். உள்ளே நுழைந்ததும் வீட்டைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, நேராக டிவி முன்னால் பாயில் உட்கார்ந்தாள்.

"படத்தைப் போடுங்கப்பா. எங்க சனமெல்லாம் அதைப் பாக்கத்தான் வந்திருக்குது."

"ஆமாங்க," என்றார் தரகர் கோவிந்தப்பன். "இந்தம்மா பொன்னுசாமி வீட்டுலயே பாத்துட்டாங்க. மத்தவங்களும் பாக்கணுமாம்."

'பாருங்கள், நன்றாகப் பாருங்கள்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கங்கப்பன் சிடியைத் தன் கையாலேயே பிளேயரில் வைத்தார். முனிராஜ் கதவோரம் நின்று நகத்தைக் கடித்தான்.

மண்டபத்து வாசல் வந்தது. கூடத்தில் 'அடடா, எவ்வளவு தெளிவு' என்று ஒரு முணுமுணுப்பு. தூண் நேர், வாழை நேர், கங்கப்பன் நேர். கங்கப்பன் ஓரக்கண்ணால் கெம்பம்மாவைப் பார்த்தார். இனி யார் என்ன சொல்ல முடியும்?

பொன்னுசாமி மாலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கங்கப்பன் அசையவில்லை. பொன்னுசாமி குதிகாலை உயர்த்தி எட்டினார். எட்டவில்லை. கங்கப்பனின் தாடை இன்னும் கொஞ்சம் மேலே போனது. பொன்னுசாமி ஒரு குதி குதித்தார். மாலை கங்கப்பனின் மூக்கில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டு செவ்வந்திப் பூக்கள் உதிர்ந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு குதி. அதுவும் இல்லை. பந்தியிலிருந்து யாரோ ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். பெண்ணைப் பெற்ற பொன்னுசாமி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, ஆடுகிற அந்த நாற்காலியின் மேல் ஏறி நின்று, சம்பந்தியின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு இறங்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கங்கப்பன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பார்வை முழுக்கக் கூட்டத்தின் தலைக்கு மேல்தான் இருந்தது. அந்த நாற்காலியை அவரே இப்போதுதான் பார்க்கிறார்.

கூடத்தில் ஒருவர் கடித்த முறுக்கை மெல்லாமல் வைத்திருந்தார். திம்மப்பன் தன் குள்ள உருவத்தை நினைத்துக்கொண்டதுபோல் மெதுவாகக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். முனிலட்சுமி டீத் தட்டோடு நடுவில் நின்றாள். முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

கெம்பம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். டிவியைப் பார்த்தாள். கங்கப்பனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். பிறகு தரகர் பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா கோவிந்தப்பா, பொன்னுசாமி வூட்டு கேசட்டுல, குள்ளமான மனுசனாச்சேன்னு அம்மாம் பாந்தமா குனிஞ்சு மாலை வாங்குனாரே ஒரு தங்கமான மனுசரு, அவரு வூட்டுக்குத்தானே பொண்ணு குடுக்கலாம்னு வந்தோம்? வூடு மாத்திக் கூட்டியாந்துட்டியா?"