சாந்தோம் கிடங்கும் சுவர் தட்டிகளும்

உலகத்தில் சுவர் தட்டிகள் என்று ஓர் இனம் உண்டு. பழைய கட்டடம் கண்ணில் பட்டால் போதும், கைத்தடி தானாக உயரும். "ஆகா, அந்தக் காலத்துக் காரை! முட்டையும் கடுக்காயும் போட்டு அரைச்சது! சத்தத்தைக் கேளும்!" என்று ஒரு தட்டு. வெண்கலம் போல 'ணங்' என்று கேட்கும். கூடவே முறம் அகலத்துக்குக் காரை உதிரும். உதிர்ந்ததைப் பார்ப்பாரா? மாட்டார். காதுதானே ரசிக்கிறது!

மயிலாப்பூர் மாசிலாமணி முதலியார் அந்த இனத்துக்கே தலைவர். சாந்தோம் கடற்கரையில், கும்பினிக் காலத்துப் போர்க்கப்பல்களுக்குப் பாயும் கயிறும் வைத்திருந்த கிடங்கு ஒன்று நின்றது. புயலுக்குச் சாயவில்லை, அலைக்கு அசையவில்லை. முதலியாரின் பாசத்துக்குத்தான் நடுங்கியது. அதற்குள் கருவாட்டை மழைபடாமல் அடுக்கிவைத்துப் பிழைத்தவள் கோவிந்தம்மா.

கிடங்கை இடிப்பதா விடுவதா என்று பார்க்க ஓவர்சியர் வரப்போகிறார் என்றதும் முதலியார் துள்ளினார்.

"கவலைப்படாதே கோவிந்தம்மா! எவ்வளவு பலம்னு நானே தட்டிக் காட்டறேன்!"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயே! நீ கைய கட்டிக்கினு இருந்தாலே அது பாட்டுக்கு நிக்கும் நைனா!"

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

ஓவர்சியர் வந்தார். முதலியாரின் தடி உயர்ந்தது. கோவிந்தம்மா பாய்ந்தாள். "இத்த கொஞ்சம் புடி நைனா, இடுப்பு புட்டுக்கிச்சி" என்று நெத்திலிக் கூடையை அவருடைய இரண்டு கையிலும் ஏற்றி, தடியைப் பிடுங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஜரிகை அங்கவஸ்திரம், தங்கப் பொத்தான், கைநிறைய நெத்திலி! தலைக்கு மேல் காக்கைகள் வட்டமிட, "காரை... சத்தம்..." என்று முனகியபடி அவர் ஓவர்சியருக்குப் பின்னாலேயே கூடையைச் சுமந்தார்.

ஓவர்சியர் அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், குப்பமே கூடியிருக்கச் சொன்னார்: "பலமான கட்டடம். இடிக்க வேண்டியதில்லை!"

குப்பம் கூத்தாடியது. அந்தச் சந்தோஷத்தில் ஓவர்சியர் என்ன செய்தார் தெரியுமா? "அடடா, என்ன காரை!" என்று தம் குடைக்காம்பால் ஒரு தட்டு.

ணங்!

தலையணை அளவு காரை அவர் தொப்பியில் வந்து உட்கார்ந்தது. ஊரறியச் சொன்ன வாக்கை விழுங்க முடியுமா?

"தூசி," என்றார்.

"தூசிதான் சாமி!" என்றது குப்பம் மொத்தமும்.

அன்று முதல் கோவிந்தம்மா, தட்ட வருகிறவர் கையில் ஏற்றுவதற்கென்றே, கிடங்கு வாசலில் இரண்டு கூடைகளை நிரப்பியே வைத்திருக்கிறாள். நீங்களும் சுவர் தட்டியா? சேச்சே! ஆனால் 'ணங்' என்றதும் உங்கள் விரல் பக்கத்துச் சுவரைத் தேடியதே, அது எதற்கு? எதற்கும் சாந்தோம் பக்கம் வந்தால் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வராதீர்கள். நெத்திலி வாடை எத்தனை வெளுப்புக்கும் போகாது.