பயனாளி பயன் தரக்கூடாது

எங்கள் கிளை நூலகத்துக்கு வயதானவர்கள் வருவார்கள். வேண்டிய புத்தகத்தை எடுப்பார்கள், படிப்பார்கள், போவார்கள். இதில் ஒரு பெரும் குறை இருப்பது எனக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது. தலைமை அலுவலகம்தான் அதைக் கண்டுபிடித்தது.

'சுறுசுறுப்பான மூத்தோர் ஈடுபாட்டுப் பெருந்திட்டம்' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மூத்தோர் தாமாக வந்து போவது ஈடுபாடு ஆகாது, நூலகர் முனைந்து ஈடுபடுத்தினால்தான் அது ஈடுபாடு என்று அதில் விளக்கியிருந்தார்கள். ஈடுபாடு போதாத கிளைகள் இனி மாலையில் திறக்கப்படமாட்டா என்றும் இருந்தது. மாலை நேரம் போனால், பகலில் வேலைக்குப் போகிறவர்கள் நூலகத்தை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. நான் நூலகர். சுற்றறிக்கை எனக்கு வேதவாக்கு. வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

வாசலுக்குப் பக்கத்தில் 'மூத்தோர் மூலை' உருவானது. மெத்தை போட்ட சாய்வு நாற்காலி. தலைமை அலுவலகம் அன்போடு அனுப்பிவைத்த சால்வை. மூத்தோரின் ரசனையை நானே ஊகித்து அடுக்கிவைத்த புத்தகங்கள்: மூட்டுவலி, மலச்சிக்கல், உயில் எழுதும் முறை. இத்தோடு விடாமல், மாடிப்படிக்குக் குறுக்கே ஒரு கயிறும் கட்டினேன். 'மூத்தோர் நலன் கருதி மூத்தோர் மாடி ஏற வேண்டாம்.' வாசகம் என்னுடையது. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

முதலில் வந்தவள் என் அக்கா. தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சர்வீஸில் எந்தத் தெருநாயும் அவளை ஓடிப் பிடித்ததில்லை. அவளோடு கிரேன்காரர் வந்தார். துறைமுகத்தில் பெரிய பெரிய பெட்டிகளைத் தூக்கி இறக்கியவர். ஓய்வு பெற்றும் தோள் இறங்காதவர்.

"என்னடா இது, மாடு கட்டற கயிறு?" என்றாள் அக்கா.

"உங்க நன்மைக்குத்தான்க்கா. வழுக்கி விழுந்துட்டா?"

"துப்பறியும் கதை எல்லாம் மேலதானடா இருக்கு?"

"நீ உக்காரு. நான் எடுத்துட்டு வந்து தரேன்."

"எனக்கு மோட்டார் ரிப்பேர் புத்தகம். அதுவும் மேலதான்," என்றார் கிரேன்காரர். "தடி தடியா மூணு இருக்கும். நானே தூக்கிட்டு வந்துடறேனே தம்பி?"

"திட்டத்துல இடமில்லைங்க."

அன்றிலிருந்து, ஏறத் தெரிந்தவர்கள் எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஏற முடியாத நான் ஏறினேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, தொப்பை உண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஆட்டோவில் போகிறவன். நான் மூச்சு வாங்க இறங்கி வருவேன். அக்கா அட்டையைப் பார்த்து, "இதைப் படிச்சாச்சுடா, அடுத்தது," என்பாள். மறுபடி ஏறுவேன்.

இந்நிலையில் அவர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். மாடியில் சும்மா கிடக்கும் கூடத்தை மாலையில் திறந்துவிட வேண்டுமாம். ஊரில் யாருடைய மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, சைக்கிள் கெட்டாலும் கொண்டுவரலாம். கிரேன்காரர் பழுது பார்ப்பார், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். அது சம்பந்தமான புத்தகங்களை அக்கா எடுத்துக் கொடுப்பாள்.

நான் திட்டத்தைப் புரட்டினேன். "முடியாதுக்கா. திட்டப்படி நீங்க பயனாளி."

"அதனால?"

"பயனாளி பயன் பெறணும். பயன் தரக்கூடாது. தந்துட்டா எந்தக் கணக்குல காட்டறது?"

அக்கா என்னைச் சற்று நேரம் பார்த்தாள். சின்ன வயதில் நான் மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டபோது பார்த்த அதே பார்வை. பிறகு கிரேன்காரரைக் கூட்டிக்கொண்டு எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டாள். மற்ற மூத்தோரும் பின்னாலேயே போனார்கள். மறுநாள் மாலையே டீக்கடை வாசலில் மின்விசிறியும் கையுமாகக் கூட்டம். நூலகத்தில் நானும் மலச்சிக்கலும் மட்டும்.

அந்த வேளையில்தான் இணை இயக்குநர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பதறிப்போய், மூலையை அழகுபடுத்த மாடியிலிருந்து ஒரு கட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் வீட்டில் குப்புறக் கிடந்தேன். தலைக்கு மை பூசுவது நின்றது, சவரம் நின்றது. பார்வையிடும் நாளன்று எப்படியோ வந்து சேர்ந்தேன். உட்கார முடிந்த ஒரே இடம் அந்தச் சாய்வு நாற்காலிதான். நூலக உதவியாளர் அம்மா இரக்கப்பட்டு சால்வையைப் போர்த்திவிட்டாள்.

இணை இயக்குநர் வந்தார். சின்ன வயது, பளபளக்கும் சட்டை, கையில் காமிரா. நேராக என்னிடம் வந்து காதருகே குனிந்து கத்தினார்: "வணக்கம் தாத்தா! சௌக்கியமா?"

"சார், நான்தான் நூலகர்."

அவர் முகம் அப்படியே கனிந்துவிட்டது. உதவியாளர் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "எத்தனை நாளா இப்படிச் சொல்லிட்டிருக்கார்?" என்றார்.

"இருபத்தெட்டு வருஷமா சார்." உண்மையைத்தான் சொன்னாள்.

"அடப் பாவமே!"

நான் நிரூபிக்க முயன்றேன். திட்டத்தின் நோக்கங்களை முதல் வரியிலிருந்து மனப்பாடமாகச் சொன்னேன். அவர் புல்லரித்துப் போனார். "இந்த வயசுல என்ன ஞாபக சக்தி! திட்டம் வேலை செய்யுதும்மா, வேலை செய்யுது!" எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்பு வெட்டியது, "ஐயோ" என்று சாய்ந்தேன். அந்த முகபாவத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

அப்போது ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அக்கா விடுவிடுவென்று உள்ளே வந்தாள். அந்த நடையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"நூலகர் மேடம்தானே?"

"சொல்லுங்க," என்றாள் அக்கா.

"மத்த பெரியவங்க எல்லாம் எங்கே?"

"டீக்கடையில. இங்கே மாடி ஏறக்கூடாதுன்னு ஒரு மண்டு கயிறு கட்டி வெச்சிருக்கான்."

"யாரது?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். "இவரா? போகட்டும், தெரியாம கட்டியிருப்பார். திட்டாதீங்க. அவிழ்த்துடுங்க."

"மேல கூடம் சும்மா கிடக்கு. சாயங்காலம் திறந்துவிடலாம்ல?"

"இதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமா மேடம்? நூலகர் நீங்க. உங்க முடிவு."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, "நீங்க ரெஸ்ட் எடுங்க தாத்தா," என்றார்.

கயிறு அவிழ்ந்தது. அன்று மாலையே டீக்கடைக் கூட்டம் மாடிக்கு ஏறியது. பழுது பார்க்க வந்தவர்கள் புத்தகத்தோடு திரும்பினார்கள். டீக்கடைக்காரரே உறுப்பினர் ஆனார். நான் பாடுபட்டுக் கொண்டுவர முடியாத ஈடுபாடு, நான் அசையாமல் கிடந்தபோது வந்து சேர்ந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மாலை நேரம் பிழைத்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

துறை இதழில் என் படம் வந்தது. 'நூலகத்தால் மறுவாழ்வு பெற்ற பெரியவர்.' என் மனைவி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல லட்சணமா இருக்கீங்க," என்றாள்.

பிறகு, எல்லாக் கிளை நூலகர்களுக்கும் பயிற்சி முகாம் நடப்பதாகவும், அங்கே அந்தப் பெரியவர் பேச வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. 'அந்தப் பெரியவர் நான்தான், நூலகரும் நான்தான்' என்று பணிவுடன் பதில் எழுதினேன். 'பெரியவரின் கடிதம் கண்டு நெகிழ்ந்தோம். நூலகர் அவரைப் பத்திரமாக அழைத்து வரவும்' என்று பதில் வந்தது. அக்கா அழைத்துப் போனாள்.

மேடையில் நின்றேன். எதிரே கூடம் நிறைய நூலகர்கள். இவ்வளவு பேர் கேட்கக் கிடைப்பது எப்போது? மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். "வயசானவங்களுக்கு என்ன வேணும்னு நாம யோசிக்கவே வேண்டாம். அவங்களையே கேட்டா போதும். அவங்க வாங்கிக்க மட்டும் வரலை, கொடுக்கவும்தான் வராங்க. நான் முட்டாள்தனமா குறுக்கே நின்னேன். நீங்க நிக்காதீங்க." என் வாழ்க்கையில் இவ்வளவு உருப்படியாக நான் பேசியதே இல்லை.

கூடத்தில் ஒரு சலனமும் இல்லை. எல்லோரும் கனிவாகச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த அக்காதான் காதைத் தொட்டுச் சைகை காட்டினாள். அப்போதுதான் கவனித்தேன். முதுமையின் சிரமத்தை அனுபவித்து உணர்வதற்காக, காலையிலேயே எல்லா நூலகர்களின் காதிலும் பஞ்சு அடைத்திருந்தார்கள்.

இணை இயக்குநர் கையை உயர்த்திக் காட்டினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெரியவரை நிரந்தரமாக உட்காரவைக்க வேண்டும். தகுந்த பெரியவர் கிடைக்காத கிளைகளில் நூலகரே உட்கார்ந்துகொள்ளலாம், வித்தியாசம் தெரியாது.