பூட்டினால் திறந்துகொள்ளும் கார்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தான் என்று தெரியும். இல்லாவிட்டால் நீ போன் செய்திருப்பாய். போனில் என்னைப் பேசவிட மாட்டாய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூட விளக்காமல், வாசலுக்குப் போய்க் காரைப் பூட்டினேன். சாவியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். நான் திரும்பி நடப்பதற்குள் டக்கென்று திறந்துகொள்ளும். ஒரு வாரமாக இதே கூத்து. சனிக்கிழமை காரை வாங்க அத்தான் கூட்டிவருகிற ஆள் இதைப் பார்த்தால் வந்த வழியே போய்விடுவார். கார் போனதும் வீட்டைக் காலி செய்துவிட்டு நான் உங்களோடு வந்துவிடுவது என்று நீ எல்லாம் தீர்மானித்துவிட்டாய், ஒரு பூட்டால் அது கெட வேண்டாமே என்று கார் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன்.

"ஏதோ ஒரு கதவு சரியாப் பூட்டலை மேடம். ஒண்ணு அடம்பிடிச்சா வண்டி எல்லாத்தையும் திறந்து விட்டுடும். வீட்ல யாரையாவது உள்ள உக்கார வெச்சு, நீங்க வெளிய நின்னு அமுக்குங்க. எந்தக் கதவுல சத்தம் வரலைன்னு பாத்து வைங்க, மத்தியானம் வர்றேன்" என்றார். "சரி, உக்காரச் சொல்றேன்" என்று வீடு நிறைய ஆள் இருக்கிற மாதிரி சொல்லிவிட்டு ஹாலைப் பார்த்தேன். நாற்காலிகள் இருந்தன.

உள்ளே உட்கார்ந்து நானே அமுக்கினால் சாவி வேலை செய்யவில்லை. போனைப் பின் சீட்டில் வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் டக் இல்லை, வெளியே நின்று நான் "பூட்டித் தொலையேன்" என்று கெஞ்சுவது மட்டும் கேட்கிறது. குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. இந்த வாரம் அதை நான் அதிகம் உபயோகிக்கவில்லை.

கடைசியில் மாடி வீட்டு டீச்சரின் கதவைத் தட்டினேன். ரிட்டயரான கணக்கு டீச்சர். படியில் பார்த்தால் சிரிப்போம், அதோடு சரி. "ஒரு பொத்தானை அமுக்கணும், வர்றீங்களா?" என்றேன். என்ன பொத்தான் என்றுகூடக் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நான் பின் சீட்டில் ஏறினேன், டீச்சர் அமுக்கினார், ஒரு வாரமாகப் பூட்டாத கார் அப்போது பார்த்துப் பூட்டிக்கொண்டது, திறக்கிற பொத்தானை அமுக்கியும் திறக்கவே இல்லை, டீச்சர் கையை விரித்தார், "ஐயோ, அடுப்புல பாலு!" என்று கத்திக்கொண்டு சாவியோடு மாடிக்கு ஓடினார். பின் கதவுகள் உள்ளிருந்து திறக்காது; காரை எனக்கு முன்பு வைத்திருந்தவர் பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டு, அதை எடுக்கும் தேவை எனக்கு வந்ததில்லை. முன்பக்கம் தாவப் போய், இரண்டு சீட்டுக்கும் நடுவே இடுப்பு மாட்டிக்கொண்டது. சிரி, பரவாயில்லை. எப்படியோ பின்வாங்கி உட்கார்ந்தேன். தெருவில் போன ஒருவர் கையசைத்தார், நானும் அசைத்தேன். பின் சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், ஓட்ட யாரோ வரப்போகிறார் என்றுதானே நினைப்பார்கள்? நானும் கொஞ்ச நேரம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. நன்றாகத்தான் இருந்தது.

டீச்சர் வந்தார். சாவியைப் போட்டுத் திறந்தார், பக்கத்தில் ஏறினார், கதவை நன்றாகச் சாத்தினார்.

"பயந்துட்டியாம்மா?"

"இல்ல டீச்சர். இப்பதான் பயமா இருக்கு. இந்தக் கதவு உள்ளேருந்து திறக்காது."

"அட! அப்ப பேசிட்டு இருப்போம். மேல போனா மட்டும் யார் இருக்கா?"

முன்பக்கம் எட்டிப் பார்த்தோம், முன் கதவுக்குக் கை எட்டவில்லை. ரொம்ப முயற்சி செய்தோம் என்றும் சொல்ல மாட்டேன். மர நிழல்தான், வெயில் இல்லை. பேச்சு மத்தியானம் வரைக்கும் போச்சு.

எலக்ட்ரீஷியன் வந்து எட்டிப் பார்த்தார். "உள்ள ஒரு ஆள், வெளிய ஒரு ஆள்னுதானே மேடம் சொன்னேன்?" பின் இடது கதவில் பூட்டை இழுக்கும் குட்டி மோட்டார் துருப்பிடித்திருந்தது. "இந்தப் பக்கம் யாரும் ஏர்றதே இல்லியா?" என்றார். டீச்சர் முந்திக்கொண்டு, "இனிமே நான் ஏறுவேன்யா, நீ வேலையப் பாரு" என்றார். எலக்ட்ரீஷியன் மோட்டாரை மாற்றினார். இப்போது பூட்டினால் பூட்டியபடியே இருக்கிறது. ஆகவே சனிக்கிழமை அத்தான் ஆளைக் கூட்டிவரலாம். என் சாமான் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அத்தானுக்கு வணக்கம் சொல். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று வளரட்டும்.

உன் தங்கை

பி.கு.: ஆள் வர வேண்டாம். காரை விற்கவில்லை, நானும் அங்கே வரவில்லை. டீச்சரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டால்தான் உனக்கே தெரியும்.