சி.ஐ.டி.யிடம் நான் சொன்ன பொய்

புத்தூரிலிருந்து திருப்பதி வரை உள்ள போலீஸ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிய வாக்குமூலங்களைவிட, ஒரே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வாங்கியவை அதிகம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. சி.ஐ.டி. என்றால் லாரிகளுக்கே தெரியும்.

வண்டியின் பானெட்டை அவர் உடனே திறக்கமாட்டார். முதலில் ஓட்டி வந்தவரைத் திறப்பார். ஹாரன் அடிக்கவில்லை என்று வந்த பஸ் டிரைவர் ஒருவர், அரைமணி நேர விசாரணைக்குப் பிறகு, மாமியார் ஊரைச் சத்தமில்லாமல் கடப்பதற்காக ஒயரைத் தானே பிடுங்கியதை ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரோடு வந்த வக்கீல் கேள்விகளுக்கு ஆட்சேபம் தெரிவித்தார். ஸ்கூட்டர் சாயங்காலம் வரை நின்ற இடத்திலேயே நின்றது.

என் முறையும் வந்தது. திருப்பதியில் மகளுக்கு நுழைவுத் தேர்வு. ஒன்பதரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். முந்தின நாள்தான் என் கிழ அம்பாசிடருக்குப் புது பேட்டரி மாட்டியிருந்தது. காலையில் முனகிக்கொண்டே கிளம்பிய வண்டி, பேனா வாங்க நிறுத்தியதும் புத்தூரிலேயே படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்'. மறுபடியும் 'டக்'. நிற்காமல் ஓடியது என் நெஞ்சு மட்டும்தான். பஸ் அப்போதுதான் போயிருந்தது. காயிலைத் துடைத்தேன், பிளக்கைத் துடைத்தேன், நெற்றியைத் துடைத்தேன். மகள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அது இன்னும் கொடுமை.

எதிரில் சி.ஐ.டி. கடை.

"கடைசியா யாரு சார் கை வெச்சது?"

"மெக்கானிக்," என்றேன்.

"எந்த ஊரு மெக்கானிக்கு?"

"நகரியில ஒருத்தர்."

"எந்தக் கையில ஸ்பானர் புடிச்சாரு?"

சி.ஐ.டி. தன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டீயை எடுத்தார். மணி எட்டு இருபத்தைந்து. டீயை ஊதினார். எட்டரை. இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்.

"நைனாதான் மாட்டினாரு," என்றாள் மகள், என்னைக் காட்டி. "போன்ல வீடியோ பாத்துகினே."

டீ கீழே இறங்கியது. பேட்டரியின் முனையில் டெஸ்ட் லைட்டை வைத்து, என்னைச் சாவி திருப்பச் சொன்னார். எரிந்தது. முனையைக் கவ்வியிருந்த கிளாம்பில் வைத்தார். எரியவில்லை.

"இங்க கரண்ட் கீது, இங்க இல்ல. நடுவுல எவனோ குந்திகினு கீறான். நிஜம் செப்பு சாமி, யாரு அவன்?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை, புது பேட்டரி, பூஜை போடாமல் எப்படி? இரண்டு முனைகளிலும் சந்தனம் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்து, அதன்மேலேயே கிளாம்பை முடுக்கியிருந்தேன். ராத்திரி முழுக்கக் காய்ந்து அது சுவராகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கிளாம்புகளைக் கழற்றி, உப்புத்தாளால் முனைகள் மின்னும்வரை தேய்த்து, திரும்ப முடுக்கினார். ஒரே திருப்பு. வண்டி இருமியது, உறுமியது, தெருவே புகையானது.

கியர் போடும்போது ஜன்னலருகே வந்தார். கடைச் சாமி படத்தடியிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் கொண்டுவந்து மகளிடம் நீட்டினார்.

"இது நெத்திக்கு கண்ணு. பேட்டரிக்கு இல்ல. போயி நல்லா எழுது."

ஒன்பது இருபத்தாறுக்கு அவள் கேட்டுக்குள் ஓடினாள்.

இப்போதெல்லாம் சந்தனம் பேட்டரிப் பெட்டியின் பக்கவாட்டோடு சரி. வண்டி முனகுகிற காலைகளில், எந்த ஊரில் நின்றாலும், கடைசியாகக் கை வைத்தது யார் என்ற அந்த முதல் கேள்வி வந்துவிடுகிறது. சாவியைத் திருப்புவதற்கு முன் மெல்லச் சொல்லிக்கொள்கிறேன்: நான்தான் அண்ணா.