கைப்பிடி என்கிற உணர்வு

ரசனை உள்ளவர்கள் பிறவிப் பயனை அடைய வேண்டுமானால் இந்த மாநகரத்தில் பார்த்தே தீர வேண்டிய இடங்கள் பத்து. அதில் நான்காவதாக நுழைந்தது, எங்கள் கட்டிடத்து மாடிப்படி. இதை நான் சொல்லவில்லை. ‘வடிவமைப்பு ரசிகர்கள்’ என்று ஒரு கூட்டம் கூடிச் சொல்லியிருக்கிறது. முதல் மூன்றும் எவை என்று விசாரித்தேன். உட்காரக் கூடாத நாற்காலிகளின் கண்காட்சி, தண்ணீர் வராத நீரூற்று, வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாத நூலகம். எங்கள் படி நல்ல சகவாசத்தில்தான் சேர்ந்திருக்கிறது.

இந்தக் காலத்து ஜனங்கள் எதையும் பயன்படுத்துவதில்லை. எதிரே நிற்கிறார்கள், தலையைச் சாய்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ‘அடடா’ என்கிறார்கள், போய்விடுகிறார்கள். பயன்படுத்துகிறவன் நடுவில் வந்தால் முறைக்கிறார்கள்.

எங்கள் படியின் பெருமைக்கு ஒரே காரணம், அதற்குக் கைப்பிடி இல்லை. முன்பு இருந்தது. துருப்பிடித்து ஒருநாள் கழன்று விழுந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை என்று ஆனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் “ஆவன செய்யப்படும்” என்றார். ஆவன செய்வதற்குள் உருண்டைக் கண்ணாடி போட்ட நிபுணர் ஒருவர், முகவரி தவறி வந்தாரோ என்னவோ, உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார். அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மிதக்குது சார், படி மிதக்குது!” என்றார். அன்றிலிருந்து கூட்டம்.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். என் மனைவி முழங்கால் வலிக்காரி. கைப்பிடி விழுந்ததிலிருந்து அவள் தரையை மிதிக்கவில்லை. எதிர் வீட்டின் கீழ்த்தளத்தில் அவளுடைய தங்கை. இடுப்பு ஒடிந்ததால் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில்தான் நடமாட்டம். தங்கையால் ஏற முடியாது, அக்காவால் இறங்க முடியாது. ஆகவே ஜன்னலுக்கு ஜன்னல் கத்திப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு மூலம் இருப்பது இப்போது பேப்பர் போடுகிறவனுக்கும் தெரியும்.

நீயே கூட்டிக்கொண்டு இறங்கலாமே என்பீர்கள். இரண்டு பேர் சேர்ந்து இறங்கப் படியில் அகலம் போதாது. “நான் முன்னால போறேன், தோளைப் பிடிச்சுக்கோ” என்று சொல்லிப் பார்த்தேன்.

“உங்களை நம்பிக் கழுத்தை நீட்டினதே போதும். காலையும் நீட்டணுமா?” என்றாள்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, கைப்பிடி வேண்டும் என்றேன்.

“பெரியவரே, நம்ம படி நாலாவது இடத்துல இருக்கு” என்றார் செயலாளர். “கைப்பிடி வெச்சா கண்ணை உறுத்தும்னு நிபுணர் சொல்றார்.”

“விழுந்தா இடுப்பு உடையுமே?”

“நீங்க தனிப்பட்ட பிரச்சினையைப் பேசுறீங்க.”

“காலு தனிப்பட்டதுதானேய்யா? சங்கத்துக்கா காலு இருக்கு?”

சலசலப்பு. ‘சிறப்பு அழைப்பாளர்’ என்ற அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நிபுணர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். “ஐயாவோட வலி எனக்குப் புரியுது. ஐயாவுக்குத் தேவை கைப்பிடி இல்ல. கைப்பிடிங்கிற உணர்வு.”

அந்த உணர்வை உடனடியாக அளிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. என் மனம் மட்டும் கணக்கில் சேரவில்லை. ஓர் ஓவியர் வந்து, சுவர் நெடுக ஒரு கைப்பிடியை வரைந்தார். குறை சொல்ல முடியாத கைப்பிடி. வளைவு, பளபளப்பு, கீழே நிழல்கூட உண்டு. என் மனைவி வாசலில் நின்றபடி எட்டித் தடவிப் பார்த்தாள். விரலில் பெயிண்ட் ஒட்டியது.

“இதாவது ஒட்டுதே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வரைந்த கைப்பிடியால் எங்கள் படி முதல் இடத்துக்கு ஏறியது. விருது கொடுக்கக் கூட்டமாக வந்தார்கள். கீழே ரசிகர்கள், அவர்கள் நடுவில் கேமராக்காரர். நிபுணர் மட்டும் விறுவிறு என்று எங்கள் வாசல்வரை ஏறி வந்து, ‘வெறுமையின் கண்ணியம்’ பற்றி அங்கிருந்தே பேசினார். கைதட்டல் அடங்கியதும் இறங்குவதற்காகத் திரும்பியவர், கீழே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ஐயா, நீங்க கீழதானே போறீங்க?” என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல், இறங்கப் புறப்பட்டிருந்த என் தோளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார். நகம் பதிந்தது.

“நானே நம்பாத தோளு, பாத்துப் புடிங்க தம்பி” என்றாள் வாசலில் நின்ற என் மனைவி.

பாதிப் படி இறங்கியிருப்போம். கேமராக்காரர் கத்தினார்: “பெரியவரே, நீங்க படத்துல விழுறீங்க! கொஞ்சம் விலகிக்குங்க!”

கலைக்கு நான் என்றுமே குறுக்கே நின்றதில்லை. தோளை உருவிக்கொண்டு மளமளவென்று இறங்கிவிட்டேன்.

“ஐயா, போகாதீங்க! போகாதீங்கய்யா!”

“சுவத்துல இருக்கு பாருங்க சார். அதைப் புடிச்சுக்கிட்டு வாங்க.”

பிடித்துப் பார்த்தார். அவருடைய விரல்கள் அந்த வளைவிலும் பளபளப்பிலும் வழுக்கி வழுக்கி வந்தன. உணர்வு போதவில்லை போலிருக்கிறது. அப்படியே படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கத் தொடங்கினார். கேமராக்காரர் தன் கடமையில் குறை வைக்கவில்லை.

எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து மைத்துனியின் குரல்: “அக்கா! பரிசு குடுத்தாச்சா? அந்த ஆளு இறங்கிட்டானா?”

மேலே ஜன்னலுக்குப் போன என் மனைவியின் குரல்: “எங்கடி! உக்காந்துட்டான்! நான் இத்தனை மாசமா உக்காந்திருக்கேன், எனக்கு எவன்டி கைதட்டினான்?”

தெருவே சிரித்தது. ரசிகர்கள் மட்டும் சிரிக்கவில்லை. இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார்.

“பாத்தீங்களா? நம்ம படி உக்காரவும் பயன்படுது!”

நான் அவர் காதருகே போய்ச் சொன்னேன்: “பயன்படுதுன்னு சத்தமாச் சொல்லாதீங்க. விருதைப் புடுங்கிட்டுப் போயிடுவாங்க.”

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத்தான் அத்தனை பேர் வந்திருக்கிறார்களே.