பொம்மக்கா கேட்காத கேள்வி

வரைபடக்காரர்கள் மை தீர்ந்துபோய் வரையாமல் விட்ட ஒரு மூலையில் தும்பைநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் நடுவே கேள்வி மண்டபம். யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அங்கே வந்து உரக்கக் கேட்கலாம். தெரிந்தவர் எவராயினும் சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளைக்குப் பேதி நிற்காதவளும் கேட்டாள், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனவனும் கேட்டான். சில சமயம் பதில் சொல்கிறவர்களுக்குள் அடிதடி நடக்கும், வேட்டி கிழியும். ஆனாலும் பேதி நின்றது.

கிழிந்த வேட்டியைச் சாக்காக வைத்துத்தான் மன்னர் மகுடேந்திரர் வினாநாகரிகத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, நயம்பாடியாரை அதற்கு அமைச்சராக்கினார்.

பொம்மக்காவின் ஆடு ஏரித்தண்ணீரைக் குடித்து, நுரை தள்ளிச் செத்ததும் அந்தச் சமயத்தில்தான். ஆடு போனால் போகட்டும். வீட்டுக்கும் அதே ஏரியில்தான் குடம் நிறைகிறது. வீட்டிலோ நிறைமாதக் கர்ப்பிணியாக மருமகள் செங்கமலம். பொம்மக்கா மண்டபத்துக்கு ஓடினாள்.

"ஏரித்தண்ணி குடிச்ச ஆடு ஏன் சாகுது?"

நயம்பாடியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை, எடுத்த எடுப்பில் சாவா? மன்னரையும் அவர் முன்னோரையும் மண்டபத்துத் தூண்களையும் தனித்தனியே வணங்கிய பிறகே கேள்வி கேட்கலாம் என்று சட்டம் வந்தது. அந்த வணக்கத்தைக் கருத்த மீசையோடு தொடங்கிய ஒருவர் நரைத்த மீசையோடுதான் முடித்தார். எதற்காக வந்தோம் என்பது அதற்குள் அவருக்கு மறந்துபோயிற்று. முன்மாதிரிக் குடிமகன் என்று சால்வை போர்த்தி அனுப்பினார்கள்.

பொம்மக்கா பிடிவாதக்காரி. வணக்கத்தை உருப்போட்டு, மூச்சு விடாமல் ஒப்பித்து, கேள்விக்கு வந்து சேர்ந்தாள். அதற்குள் அடுத்த சட்டம் காத்திருந்தது. கேட்பவர் தாமாக என்ன முயன்று பார்த்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டுமாம். ஏரிப்பக்கம் விடாமல் ஆடுகளைக் கட்டிப்போட்டதாகவும், கட்டிப்போட்டவை பிழைத்துக்கொண்டதாகவும் சொன்னாள்.

"ஆகவே விடை தங்களுக்கே தெரிந்திருக்கிறது," என்றார் நயம்பாடியார். "தெரிந்ததைக் கேட்பது அவையின் பொன்னான நேரத்தைக் களவாடுவதாகும்."

அப்புறம், முன்பே கேட்டதை மறுபடி கேட்கக் கூடாது என்றார்கள். மன்னரின் பாட்டனார் காலத்தில் யாரோ ஆடு ஏன் செத்தது என்று கேட்டிருக்கிறாராம். ஆயுள் முடிந்ததால் என்று விடையும் தந்தாயிற்றாம். அது புலியடித்த ஆடு என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். ஆடு ஆடுதான் என்று சொல்லி, பொம்மக்காவின் கேள்வியைக் கதவைப்போலச் சாத்திவிட்டார்கள்.

பதில் சொல்கிறவர்களையும் விடவில்லை. நல்ல பதில் சொல்லி அவையின் முத்திரை வாங்கியவர்தான் இனிப் பதில் சொல்லலாம். முத்திரை இல்லாமல் சொன்னால் நாக்கில் சூடு. நாட்டிலேயே முத்திரை வைத்திருந்தவர் அமைச்சரின் மருமகன் சுந்தரவதனர் ஒருவர்தான். அவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்கப் போனவர் இன்னும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுந்தரவதனரிடம் எதற்கும் ஒரே விடை இருந்தது: கேள்வியே தவறு.

ஏரியில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. செங்கமலத்துக்கு வாந்தி நிற்கவில்லை.

காரணம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு மன்னரின் வெண்கலச் சிலை நின்றது. சிலைகளுக்கு மெருகேற்றும் பட்டறையின் திராவகக் கழிவு வாய்க்கால் வழியே ஏரியில் இறங்கியது. கழிவைத் தன் கையாலேயே ஊற்றுகிற கொண்டையன் பொம்மக்காவின் பக்கத்து வீட்டுக்காரன். கொஞ்ச நாளாக அவளைக் கண்டால் வேறு சந்தில் போனான். அவள் அந்தச் சந்திலேயே போய் நின்றாள்.

"எங்கிட்ட முத்திரை இல்லக்கா. பதில் சொன்னா நாக்குப் போயிரும்."

"பதில்தானேடா சொல்லக் கூடாது? நான்தான் கேக்கவே போறதில்லையே. கேக்காதப்ப நீ சொல்றது எப்படிடா பதிலாகும்?"

கொண்டையன் நெடுநேரம் மண்டையைச் சொறிந்தான். பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

சந்தை நாளில் மண்டபம் நிரம்பியிருந்தது. பொம்மக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கொண்டையன் ஒரு தூணைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்கிற தொனியில், சிலைப் பட்டறைத் திராவகம் ஏரிக்குள் போகிறது என்றான். யாரும் கேட்காமலே இன்னொருவர், வாய்க்கால் ஏரியில் சேரும் இடம் கிழக்கு மதகருகே புதருக்குள் இருப்பதாகச் சொன்னார். ஒருத்தி தன் வீட்டில் மண்வெட்டி சும்மா கிடக்கிறது என்றாள். நயம்பாடியார் சட்டங்களை மனத்துக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கேள்விக்கு இருந்தது, பதிலுக்கு இருந்தது. சும்மா சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

சேதி எட்டி, மன்னரே பல்லக்கில் வந்து இறங்கினார்.

"யாரடா அதைச் சொன்னது?"

பொம்மக்கா முன்னால் வந்து கும்பிட்டாள். "சாமி, வணக்கம் சொல்லாம ஆரம்பிச்சுட்டீங்க."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தரையைப் பார்த்தார். சட்டத்தில் மன்னருக்கு விலக்கு எழுத அவர் மறந்திருந்தார். மன்னர் ஒருநாள் கேள்வி கேட்பார் என்று அந்த நாட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மன்னர் தம் முன்னோரை வணங்கத் தொடங்கினார். நடுவில் ஒரு பாட்டனாரின் பெயர் வரவில்லை. எடுத்துக்கொடுக்கவும் ஆளில்லை. ஒருவழியாகத் தூண்களையும் முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யார் சொன்னது என்று மறுபடி கேட்டார்.

"இது முன்னாடியே கேட்டதாச்சே, சாமி," என்றாள் பொம்மக்கா. "சாத்தியாச்சு."

கூட்டம் சிரிக்கவில்லை. கலைந்து வீட்டுக்குப் போய், மண்வெட்டியும் கடப்பாரையும் கூடையுமாகத் திரும்பி வந்து, பல்லக்கைச் சுற்றிக்கொண்டு கிழக்கே நடந்தது. முன்னால் பொம்மக்கா. காவலர்கள் வீட்டிலும் அதே ஏரித்தண்ணீர்தான். அவர்கள் ஈட்டிகளைச் சாய்த்து வழிவிட்டார்கள்.

"இவர்கள் எல்லாரும் எங்கே போகிறார்கள்?" என்று மன்னர் கத்தினார்.

நாட்டிலேயே பதில் சொல்லும் தகுதி பெற்ற ஒரே மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கேள்வியே தவறு, மன்னா."